சைக்கிள் சங்கிலியின் தேய்வும் செப்பமும்

சைக்கிளில் எந்த உறுப்பு முதலில் தேய்கிறது என்று கேட்டால், டயர் என்றுதான் பெரும்பாலோர் விடை கூறுவர். டயரின் தேய்வு கண்ணுக்குத் தெரிகிறது. பாதி வழியில் காற்றுப் போனால் உடனே நினைவுக்கு வந்துவிடுகிறது. சங்கிலியின் தேய்வு அப்படித் தெரிவதில்லை. சில வண்டிகளில் அது மூடிக்குள் மறைந்து கிடக்கிறது. மூடியில்லாத வண்டியிலோ எண்ணெயும் புழுதியும் கலந்த கருமை அதனைப் போர்த்தியிருக்கிறது. நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் தேய்வின் அடையாளம் ஒன்றும் அகப்படாது. ஏனெனில் தேய்வு நிகழும் இடம் மூட்டுகளின் உள்ளே இருக்கிறது.

இந்தச் சங்கிலியும், அதனோடு உறவுடைய முன் பல்சக்கரம், பிரீவீல் எனப்படும் பின் பல்சக்கரம், கிராங்க் ஆகியவையும் தேய்ந்தால் அவற்றை வீட்டிலேயே எவ்வளவு தூரம் செப்பனிட்டு மீட்கலாம் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். எவற்றை மீட்க முயலவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதுதான் இரண்டிலும் முக்கியமானது என்பது என் எண்ணம்.

நான் சைக்கிள் கடைக்காரன் அல்லேன். பள்ளி ஆசிரியனாகவும் பிறகு தலைமை ஆசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்ததை நேயர்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அப்போது நான் இளம் ஆசிரியன். பயிற்சிக்கு வந்த வாடகைச் சைக்கிள்களில் பல நொண்டி வண்டிகள். அவற்றை மாலை நேரங்களில் பிரித்துப் பூட்டியதில் கை பழகியது. இப்போது என் வீட்டு மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கம் பணிமனையாக இருக்கிறது. ஒரு வைஸ், ஒரு சுத்தி, தட்டை அரம் ஒன்று, வட்ட அரம் ஒன்று, ஸ்பானர்கள், எஃகு அடிக்கோல், மண்ணெண்ணெய்த் தகரம், பழைய பல்துலக்கி: என் உடைமை இவ்வளவே. பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய சைக்கிளை அக்காள் ஓட்டி, தம்பி ஓட்டி, இப்போது தந்தை வயலுக்கு ஓட்டிப் போகும் வீடுகள் எங்கள் பக்கத்தில் பல உண்டு. அவ்வண்டிகள்தாம் பெரும்பாலும் என்னிடம் வருகின்றன.

முதலில் சங்கிலியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் அமைத்தார். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. இரண்டு உள்தகடுகளைச் சிறு குழல்கள் இரண்டு இணைக்கின்றன. அக்குழலின் மேல் ஓர் உருளை சுழல்கிறது. அதுவே பல்லின் மீது அமர்வது. குழலின் உள்ளே ஓர் ஆணி செல்கிறது. அந்த ஆணியின் இரு முனைகளும் வெளித்தகடுகளில் இறுக்கப்பட்டிருக்கின்றன. இவ்வாறு உள்கண்ணி ஒன்று, வெளிக்கண்ணி ஒன்று என மாறி மாறி வருவதே சங்கிலி. ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரை சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். சாதாரண சைக்கிளுக்கு இத்தகைய அரை அங்குலங்கள் 112 கொண்ட சங்கிலி வழங்குகிறது.

சங்கிலி வளையும்போது ஆணி குழலுக்குள் சிறிது திரும்புகிறது. தேய்வு முழுவதும் அந்தச் சிறு திருப்பத்தில்தான் உண்டாகிறது. எத்தனை முறை திரும்புகிறது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஆசிரியனுக்குக் கணக்கில்லாமல் பேச வராது. முன்னே 48 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள பழைய பெரிய வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் இரண்டு முழுச் சுற்றும் மூன்றில் இரண்டு பங்கும் சுழலும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 5.9 மீட்டர் நகரும். 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்ல ஏறத்தாழ 850 சுற்று மிதிக்க வேண்டும். அதற்குள் சங்கிலி முழுதும் 360 தடவைக்கு மேல் சுற்றி வந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் முன் சக்கரத்தில் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, பின் சக்கரத்தில் அவ்வாறே இரு முறை, ஆக நான்கு முறை மடங்கி நிமிர்கிறது. பள்ளிக்குப் போவதற்கு மட்டும் 1,450 திருப்பங்கள், போய்வர 2,900. ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்று கொண்டாலும் ஐந்தரை இலட்சத்துக்கு மேல் ஆகிறது. ஆணியின் பருமனோ ஒரு தீக்குச்சியை விடச் சற்றே அதிகம்.

திருப்பத்தின் அளவும் ஒன்றுபோல் இல்லை. 48 பல் சக்கரத்தில் மூட்டு ஏழரைப் பாகை மடங்குகிறது. 18 பல் சக்கரத்தில் 20 பாகை மடங்குகிறது. சிறிய சக்கரம் சங்கிலியை அதிகமாகத் தேய்க்கிறது என்பதும், தானும் விரைவில் தேய்கிறது என்பதும் இதனால் விளங்கும். முன் சக்கரப் பல் ஒன்று ஒரு முறை சங்கிலியைச் சந்திக்கும் நேரத்தில் பின் சக்கரப் பல் இரண்டே முக்கால் முறைக்குச் சற்றுக் குறைவாகச் சந்திக்கிறது.

இரும்பின்மேல் இரும்பு வெறுமனே உராய்ந்தால் இவ்வளவு விரைவில் கேடு வராது. நடுவே மணல் புகுந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துச் செம்மண் சாலையில் எழும் புழுதி, சங்கிலியின் வெளிப்புறம் வழியும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, நாளடைவில் மூட்டுக்குள் நுழைந்து, அரைக்கும் களிம்பாகிவிடுகிறது. சங்கிலிக்கு எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பவரின் சங்கிலி, எண்ணெயே காட்டாதவரின் சங்கிலியைப் போலவே விரைவில் தேய்வதை நான் கண்டிருக்கிறேன். இருவருக்கும் வியப்பாக இருக்கும், மணலுக்கு வியப்பில்லை.

தேய்ந்த சங்கிலியை ‘இழுத்துப் போய்விட்டது’ என்று கூறுவது வழக்கம். அது முற்றும் பொருந்தாத சொல். தகடு நீளுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஆணி சிறிது, குழல் சிறிது தேய்ந்து, இடைவெளி உண்டாகி, அந்த இடைவெளிகள் எல்லாம் கூடிச் சங்கிலி நீண்டதாகக் காட்டுகிறது. இதை அளப்பது எளிது. எஃகு அடிக்கோலின் தொடக்கக் கோட்டை ஓர் ஆணியின் நடுவில் வைத்து, சங்கிலியை இறுக்கமாகப் பிடித்து, 24 இடைவெளி எண்ணி, அடுத்த ஆணியின் நடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதிய சங்கிலியில் அது சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 12 அங்குலத்தைத் தாண்டிப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் போயிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. பற்கள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் பற்களும் கெட்டுவிட்டன என்றே கொள்ளலாம். எட்டில் ஒரு பங்கை 24 மூட்டுகளுக்குப் பகிர்ந்து பார்த்தால் ஒரு மூட்டுக்கு 0.13 மில்லிமீட்டர்தான் வருகிறது. நோட்டுப் புத்தகத் தாளின் கனத்தைவிடச் சிறிது கூடுதல், அவ்வளவே.

பற்கள் ஏன் கெடுகின்றன? சங்கிலியின் இடைவெளி கூடிவிட்டால் உருளை பல்லின் அடியில் அமராது, பல்லின் சரிவில் மேலேறி அமர்கிறது. பாரம் முழுவதும் பல்லின் அடியில் விழாமல் முனைப் பக்கமாக விழுகிறது. பல் நாளடைவில் ஒரு புறம் குடையப்பட்டுக் கொக்கிபோல் வளைந்த உருவம் பெறுகிறது. அந்தக் கொக்கிப் பல்லின்மீது புதிய சங்கிலியைப் பூட்டினால், அதன் சரியான அரை அங்குலம் பல்லின் கெட்ட அளவோடு பொருந்தாது. அழுத்தி மிதித்தவுடன் சங்கிலி பல்லைத் தாண்டிக் குதிக்கும். ஆகவே சங்கிலியைக் காலத்தில் மாற்றியவர் சங்கிலியோடு தப்புகிறார். காலம் கடத்தியவர் சங்கிலியும் வாங்கி, பிரீவீலும் வாங்கி, சில வேளை முன் பல்சக்கரமும் வாங்க நேர்கிறது.

இங்கே ஒரு பொய் வைத்தியத்தைக் குறிப்பிட வேண்டும். சங்கிலி தொளதொளவென்று தொங்கினால் இரண்டு கண்ணியைக் கழற்றிவிட்டு இறுக்கிக் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. தொய்வு நீங்கும், நோய் நீங்காது. எஞ்சிய ஒவ்வொரு மூட்டிலும் தேய்வு அப்படியே இருக்கிறது. இறுக்கமாகத் தெரிவதனால் ஓட்டுபவர் நம்பிக்கையோடு அழுத்தி மிதிக்கிறார். என் பழைய மாணவர் ஒருவரின் மகள் இவ்வாறு இறுக்கப்பட்ட வண்டியில் பள்ளிக்குப் போனாள். இரயில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தபோது சங்கிலி பல்லைத் தாண்டியது. கால் வெறும் காற்றை மிதித்தது. பெண் கைப்பிடியின்மேல் விழுந்து சாலையில் சரிந்தாள். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் விழிப்பானவராக இருந்தார். முழங்காலில் தையலோடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அவளைச் சைக்கிளில் அனுப்ப வீட்டார் உடன்படவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்தின் நேரமும் பள்ளியின் நேரமும் ஒத்துவருவதில்லை. ஆறு வாரம் அவள் பள்ளிக்குச் சரியாக வரவில்லை. வண்டி என் கொட்டகைக்கு வந்தபோது அளந்து பார்த்தேன்: 12 அங்குலத்துக்குமேல் கால் அங்குலம்! கண்ணி நீக்கிய கடைக்காரரிடம் ஓர் அடிக்கோல் இருந்திருந்தால் அந்த ஆறு வாரம் வீணாகியிராது.

சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் மறுபக்கம் பயன்படும் என்று சிலர் நம்புகிறார்கள். மூட்டிலுள்ள இடைவெளி எப்படித் திருப்பினாலும் இடைவெளிதான். தேய்ந்து நீண்ட சங்கிலியைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் வழி வீட்டுப் பணிமனையில் ஒன்றுமில்லை. சங்கிலியைப் பொறுத்தவரை நம் வேலை, தேய்வைத் தள்ளிப்போடுவது மட்டுமே. மற்ற உறுப்புகளில்தான் செப்பனிடுதலுக்கு இடமிருக்கிறது.

தள்ளிப்போடுவது எங்ஙனம்? சங்கிலியில் ஓரிடத்தில் சிறு கவ்வித் தகடு கொண்ட இணைப்புக் கண்ணி இருக்கும். திருப்புளியின் நுனியால் அந்தக் கவ்வியைத் தள்ளினால் சங்கிலி கழன்றுவரும். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊற வையுங்கள், டீசலும் ஆகும். காலையில் தகரத்தோடு நன்றாகக் குலுக்கி, பல்துலக்கியால் தேய்த்து, அழுக்கு எண்ணெயைக் கொட்டிவிட்டு, புதிய மண்ணெண்ணெயில் மறுபடியும் அலச வேண்டும். தகரத்தின் அடியில் படியும் மணலை விரலால் தொட்டுப் பார்த்தால் இவ்வளவு நாள் மூட்டுக்குள் என்ன இருந்தது என்பது புரியும். வெயிலில் முற்றும் உலர்ந்த பிறகு ஒவ்வொரு மூட்டின்மேலும் ஒரு துளி இயந்திர எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் கழித்து வெளிப்புறத்தை வறண்ட துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருப்பது புழுதியை அழைக்கும். மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைப் பயன்படுத்தாதீர்கள். அதில் கரியும் உலோகத் தூளும் மிதக்கின்றன.

எண்ணெய்க்குப் பதிலாக மெழுகும் ஏற்றதே. புழுதி மிகுந்த ஊர்களுக்கு அதையே நான் விரும்புகிறேன். மெழுகுவர்த்தி மெழுகு ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் உருகிவிடும். மெழுகுத் தகரத்தை நேரே அடுப்பில் வைத்தல் கூடாது, தீப்பற்றும். கொதிநீர்ப் பாத்திரத்தினுள் தகரத்தை இறக்கி, உருகிய மெழுகில் சுத்தமான சங்கிலியை மூழ்கவிட்டு, குமிழி எழுவது நிற்கும் வரை பொறுத்திருந்து, கம்பியால் தூக்கித் தொங்கவிட வேண்டும். ஆறிய சங்கிலி விறைப்பாக இருக்கும்; ஒவ்வொரு கண்ணியாக வளைத்துவிட்டால் இணங்கிவரும். மழைக்காலத்தில் மெழுகு அவ்வளவு நாள் தாங்காது; அப்போது எண்ணெயே மேல்.

மூடியின் அருமையையும் இங்கே சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் ஜான் மார்ஸ்டன் நிறுவிய சன்பீம் சைக்கிள்களில் சங்கிலி முழுவதும் மூடிய பெட்டிக்குள், எண்ணெயோடு ஓடும்படி அமைத்திருந்தார்கள். சத்தம் செய்கிறது என்று நம் பிள்ளைகள் மூடியைக் கழற்றி எறிவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வரும். ஆடும் மூடிக்கு வேண்டியது ஒரு திருகாணி.

சங்கிலியை மீண்டும் பூட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. கவ்வித் தகட்டின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். அதாவது மேல் வரிசையில் பார்த்தால் வண்டியின் முன்புறத்தை நோக்கி. திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். இரண்டாவது சற்று நுட்பமானது. தேய்வு ஆணிக்கும் குழலுக்கும் இடையே நிகழ்வதாகச் சொன்னேன் அன்றோ? உள்கண்ணியின் இரு குழல்களும் ஒரே தகட்டில் இறுக்கப்பட்டிருப்பதால் அவற்றின் இடைவெளி மாறாது. வெளிக்கண்ணியின் பகுதியில்தான் நீட்சி முழுவதும் சேர்கிறது. ஆகவே பழகிய சங்கிலியில் ஓர் இடைவெளி சரியாகவும் அடுத்தது நீண்டும் மாறி மாறி வரும். இப்போது பற்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 48 இரட்டைப்படை, 18 இரட்டைப்படை, சங்கிலியின் 112உம் இரட்டைப்படை. எனவே வெளிக்கண்ணியைச் சந்திக்கும் பல் எப்போதும் வெளிக்கண்ணியையே சந்திக்கும். கழுவிய பின் ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால் அதுவரை உள்கண்ணி அமர்ந்த பற்களின்மேல் வெளிக்கண்ணி ஏறி, எல்லாப் பற்களும் ஒருசேரத் தேயத் தொடங்கும். கழற்றுமுன் முன் சக்கரத்தில் ஒரு பல்லின்மேலும் பிரீவீலில் ஒரு பல்லின்மேலும், வெளிக்கண்ணி அமர்ந்த இடமாகப் பார்த்துச் சிறிது வண்ணம் தீட்டிவையுங்கள். திரும்பப் பூட்டும்போது அப்பற்களில் வெளிக்கண்ணியே அமரட்டும். செலவு ஒன்றுமில்லை.

இனி முன் பல்சக்கரம். இது பெரியது, மெதுவாகத் தேய்வது, பெரும்பாலும் மீட்கத் தக்கது. சங்கிலி இழுக்கும்போது பல்லின் ஒரு பக்கம் மட்டுமே பாரம் தாங்குகிறது. மறுபக்கம் புத்தம் புதிதாகவே இருக்கும். சக்கரம் தட்டையாகவும், கிராங்கோடு திருகாணிகளால் பூட்டப்பட்டதாகவும் இருந்தால் அதனைக் கழற்றிப் புரட்டிப் பூட்டலாம். தேயாத பக்கம் வேலைக்கு வரும். வேறொன்றும் செய்யலாம். நாம் பெடலை எல்லா இடத்திலும் ஒரே வலுவோடு மிதிப்பதில்லை. கிராங்க் படுக்கையாக இருக்கும்போதே அழுத்தம் மிகுதி. அதனால் எதிரெதிரான இரண்டு பக்கத்துப் பற்கள் மற்றவற்றைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். திருகாணிப் பூட்டுள்ள சக்கரத்தை ஓர் ஆணித்துளை தள்ளி வைத்தால் பாரம் வேறு பற்களுக்கு மாறும். கிராங்கோடு நிலையாக இறுக்கப்பட்ட சக்கரமாயின் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அதில் கொக்கியின் உதட்டை மட்டும் வட்ட அரத்தால் மெல்ல அராவி எடுக்கலாம். உருளை சிக்காமல் விலகிச் செல்ல அது உதவும். பல்லின் அடிப்பகுதியை அராவாதீர்கள். அராவிய இரும்பு திரும்ப வராது. ஒரு பல் பக்கவாட்டில் வளைந்திருந்தால் ஸ்பானரின் வாயில் பிடித்து ஒரு முறை நிமிர்த்தலாம். அதே பல்லை மறுபடியும் மறுபடியும் வளைத்தால் முறிந்துபோகும்.

பிரீவீலின் பற்களுக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. அதன் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்ட எஃகு; அரம் வழுக்கும். புரட்டிப் பூட்டவும் இயலாது. புரட்டினால் பெடல் முன்னே சுற்றும்போது வெறுமனே சுழன்று, பின்னே சுற்றும்போது பிடித்துக்கொள்ளும். பற்கள் கொக்கியாகிவிட்டால் பிரீவீலை மாற்றிவிடுவதே செய்யத் தக்கது. ஆனால் பல் நன்றாக இருந்து உள்ளே சத்தமும் ஆட்டமும் மட்டும் இருந்தால் அதை எறிய வேண்டுவதில்லை. இங்கேதான் வீட்டுப் பணிமனையின் பெருமை தெரியும்.

பிரீவீலின் முகத்தில் இரண்டு குழிகளுள்ள ஒரு வளையம் இருக்கும். அதன் புரி இடம்புரி. ஆதலால் வலமாகச் சுற்றினால் கழலும். குழியில் மழுங்கிய உளி நுனியை வைத்துச் சுத்தியால் தட்டினால் அசையும். இதை அறியாமல் இடமாக அடித்து அடித்துக் குழியைச் சிதைத்த வளையங்கள் என் கொட்டகைக்கு நிறைய வந்துள்ளன. திறப்பதற்குமுன் அடியில் ஒரு தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒரு பங்கு அங்குலமுள்ள எஃகுக் குண்டுகள் இரு வரிசையாகக் கொட்டும். எண்ணி வையுங்கள். வீட்டில் பேரக் குழந்தைகள் இருந்தால் இந்த எண்ணும் வேலையை அவர்களிடம் விடலாம், தவறவிடமாட்டார்கள்.

உள்ளே இரண்டு சிறு நாக்குகளைக் காண்பீர்கள். மெல்லிய கம்பிச் சுருளோ வில்லோ அவற்றை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். பெடலை மிதிக்கும்போது இந்த நாக்குகள் வெளிவளையத்தின் உட்புறப் பள்ளங்களில் விழுந்து பிடித்துக்கொள்கின்றன. மிதிக்காதபோது அவற்றின்மேல் நழுவி ஓடிக் கிளிக்கிளி என்று ஒலிக்கின்றன. மிதிப்பவரின் வலு முழுவதும் இந்த இரு நாக்குகளின் நுனி வழியாகவே சக்கரத்துக்குச் செல்கிறது. நாக்கின் விளிம்பு கூர்மையாக இருந்தால் மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவி, வில்லைச் சரிபார்த்து, மெல்லிய எண்ணெய் இட்டுப் பூட்டலாம். நாக்கிருக்கும் இடத்தில் கிரீஸ் அடைக்காதீர்கள். கிரீஸ் இறுகிய மார்கழி விடியலில் நாக்கு மேலெழாமல் ஒட்டிக்கொண்டால் பெடல் வெறுமனே சுற்றும். குண்டுகளைத் தத்தம் இடத்தில் ஒட்டவைக்க மட்டும் சிறிது கிரீஸ் போதும். வளையத்தின் கீழே தாளினும் மெல்லிய தகட்டு வட்டங்கள் சில இருக்கக்கூடும். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் ஆட்டம் குறையும். இறுகிப்போனால் திரும்ப இட்டுவிடலாம். நாக்கின் விளிம்பு உருண்டு மழுங்கியிருந்தால் அதை அரத்தால் கூராக்கிப் பூட்ட ஆசை எழும். அந்த ஆசையை அடக்குங்கள். கூராக்கிய நாக்கு குட்டையாகிவிடும். பள்ளத்தில் பாதி விழுந்து, பாரம் ஏறும்போது நழுவும். மேம்பாலத்தில் விழுந்த அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததே மறுபடியும் நேரும்.

கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் ஆணி அடுத்தது. ஒவ்வொரு மிதிக்கும் ‘டக்’ என்று ஓர் ஒலி காலில் உணரப்பட்டால் இந்த ஆணியைத்தான் முதலில் ஐயுற வேண்டும். அதன் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கப்பட்டு அச்சின் தட்டைப் பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். அந்தத் தட்டையில் பள்ளம் விழுந்துவிட்டால் ஆணி போயிற்று. விலை அற்பம், புதிது வாங்குங்கள். கடையில் வாங்கிய ஆணி அப்படியே பொருந்துவது அரிது. அச்சில் செருகிப் பார்த்து, எங்கே தொடுகிறது என்பதன் சுவட்டைக் கண்டு, தட்டை அரத்தால் சீராகச் சிறிது சிறிதாக அராவ வேண்டும். முழுப்பரப்பும் ஒட்டி அமர வேண்டும். அடிக்கும்போது கிராங்கின் கீழே கனமான இரும்புக் குழாயை நிறுத்தித் தாங்கல் கொடுங்கள். இல்லையேல் சுத்தியின் அடி அச்சிலுள்ள குண்டுகளுக்குப் போய்க் கிண்ணத்தில் குழி விழும். ஆணியை உள்ளே இறக்குவது சுத்தியின் வேலை. நட்டு அதைப் பின்வாங்காமல் காப்பது மட்டுமே. நட்டைத் திருகி ஆணியை இழுக்க முயன்றால் புரி அறுந்துவிடும். இரு கிராங்குகளுக்கும் ஆணி செருகும் பக்கமும் முக்கியம்: ஒவ்வொரு கிராங்கையும் முன்னோக்கி வைத்துப் பார்த்தால் இரண்டிலும் நட்டு ஒரே பக்கமாக, மேலேயோ கீழேயோ, இருக்க வேண்டும். மாறினால் இரு பெடல்களும் நேர்கோட்டில் நில்லா.

கிராங்க் அச்சின் உள்ளே பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். கிண்ணத்தில் ஒளிரும் சுவடு மட்டும் இருந்தால், குண்டுகளைப் புதிதாக இட்டுப் புதிய கிரீஸ் அடைத்தாலே வண்டி இலேசாகிவிடும். பழைய குண்டுகளோடு புதியவற்றைக் கலக்காதீர்கள். பெரியவையே பாரம் முழுதும் சுமக்கும். கிண்ணத்தில் குழிகள் விழுந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கிப் பயனில்லை. கடினமான மேற்பரப்பு மிக மெல்லியது. அது போனபின் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு.

மீட்க முயலக் கூடாதவற்றில் கொக்கிப் பல்லான பிரீவீல், மழுங்கிய நாக்கு, குழி விழுந்த கிண்ணம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது. காட்டர் ஆணியின் துளை அகன்றுவிட்டால் கிராங்கையும் அச்சையும் ஒன்றாக வெல்டிங் வைத்துவிடும் வழக்கம் கிராமங்களில் பரவியிருக்கிறது. அன்றைக்கு வண்டி ஓடும். அதன்பின் அந்த அச்சை ஒருவராலும் திறக்க முடியாது; குண்டுகளுக்குக் கிரீஸ் இடவும் வழியில்லை. வெல்டிங் சூட்டில் இயல்பு மாறிய இரும்பு எந்த நாளில் முறியும் என்று சொல்வதற்கும் இல்லை. அத்தகைய வண்டியை நான் வாங்கி வைப்பதில்லை. அச்சும் கிராங்கும் வாங்கி வந்தால் பூட்டித் தருகிறேன் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். சிலருக்குக் கோபம் உண்டு.

எல்லாம் பூட்டியபின் சங்கிலியின் தொய்வைப் பாருங்கள். கீழ் வரிசையின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் அசைத்துப் பார்க்க வேண்டும். பல்சக்கரம் சிறிது கோணியிருந்தால் ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தொய்வும் காட்டும். மிக இறுக்கமான இடத்தைக் கொண்டே அளவு வைக்க வேண்டும். பின்னர் முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, பின் பிரேக்கை அழுத்திப் பிடித்து, பெடலின்மேல் முழு எடையோடு ஏறி நில்லுங்கள். கிராங்கின் ஒவ்வொரு நிலையிலும் இதைச் செய்யுங்கள். பல் தாண்டுமாயின் இங்கேயே தாண்டட்டும். என் கொட்டகையிலிருந்து எந்தப் பிள்ளையின் வண்டியும் இந்தச் சோதனை இல்லாமல் வெளியே போவதில்லை. சோதனை செய்பவன் நான் 68 கிலோ. பிள்ளைகள் அதில் பாதிக்குச் சற்று மேல்.

புதிய காட்டர் ஆணி இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் சிறிது உள்ளே இறங்கும். ஆகவே மூன்றாம் நாள் மாலையில் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, குழாயைத் தாங்கல் கொடுத்து ஆணியை இன்னொரு தட்டுத் தட்டி, நட்டை இறுக்கிவிட வேண்டும்.